மூன்றாவது கேள்வி என்னுடையது

பிப்ரவரி 12, திங்கள்

ஹெப்சி அக்காவின் பிஎச்.டி. வைவாவுக்கு, அதாவது வாய்மொழித் தேர்வுக்கு, தேதி வந்துவிட்டது. மார்ச் 7, வியாழன், காலை பத்தரை, கணிதத் துறைக் கருத்தரங்கு அறை. ஆவுடையப்பன் சார் கடிதத்தோடு ஆய்வறைக்கே வந்து கொடுத்தார். எங்கள் இருவருக்கும் அவர்தான் நெறியாளர். அக்கா வாசித்துவிட்டு "ஸ்தோத்திரம்" என்றாள். அப்புறம் நாற்காலியில் உட்கார்ந்து கடிதத்தை மறுபடியும் முதலிலிருந்து வாசித்தாள். சந்தோஷம் அதிகமானால் அப்படித்தான் இருக்கும் போல.

மார்த்தாண்டம் பக்கம் ஒரு கல்லூரியில் அவளுக்கு உதவிப் பேராசிரியர் வேலை உறுதியாகிவிட்டது. மார்ச் 15க்குள் பட்டத்தின் தற்காலிகச் சான்றிதழைக் கொடுத்தால்தான் சேர முடியும். வேலை கிடைத்தால் நாகர்கோவிலில் வீட்டிலிருந்தே போய் வரலாம். மகள் ஷைனிக்கு நாலு வயது. மாமியாரிடம் வளர்கிறாள். அக்கா சனிக்கிழமை பஸ் ஏறிப் போய்ப் பார்த்துவிட்டுத் திங்கள்கிழமை திரும்பி வருவாள். நான் இங்கே சேர்ந்த இரண்டரை வருடமாக இதுதான் நடக்கிறது.

ஸ்லைடுகளைத் தட்டச்சு செய்வதும் படங்களை வரைவதும் என் வேலை.

"எல்லாத்தையும் நீ அடிச்சிரு முப்பி. நாலாவது அதிகாரத்த மட்டும் விட்டுரு. அத நான் பாத்துக்கிடுதேன், கேட்டியா?"

என் முழுப்பெயர் முப்பிடாதி. அதைச் சுருக்கிக் கூப்பிடுகிற ஒரே ஆள் ஹெப்சி அக்கா. மற்றவர்கள் "ஏம்மா" என்பார்கள், அல்லது கூப்பிடவே மாட்டார்கள்.

பிப்ரவரி 14, புதன்

அம்மா புளியங்குடியிலிருந்து போன் செய்தாள். பள்ளிக்கூடத்தில் சத்துணவு சமைக்கிறாள்.

"எட்டி, நீ அங்கன என்னத்தத்தான் படிக்க? டீச்சர் கேக்காவ, எனக்குச் சொல்லத் தெரியல."

"ஒரு உருண்டையத் திருப்புறதப் பத்திம்மா."

"பூமியா?"

"பூமி இல்ல. அதவிட ஒரு பரிமாணம் கூட."

"சரி, டீச்சருகிட்ட பூமின்னே சொல்லிருதேன். சாப்ட்டியா?"

போனை வைத்த பிறகு, இதை நானே ஒழுங்காகச் சொல்லிப் பார்த்தால் என்ன என்று தோன்றியது.

ஒரு வெளி இருக்கிறது. அதைக் கிழிக்காமல், ஒட்டாமல், எல்லாப் புள்ளிகளையும் ஒரே நேரத்தில் இடம் மாற்றுகிறோம். அதே அசைவைத் திரும்பத் திரும்பச் செய்தால், எண்ணி இத்தனையாவது முறை எல்லாமே பழைய இடத்துக்கு வந்துவிடுகிறது. ஆறாவது முறை வந்தால், அந்த ஆறு அசைவுகளும் சேர்ந்தது ஒரு குலம். அதன் வரிசை ஆறு. நாங்கள் கேட்பதெல்லாம் ஒன்றுதான். முழுச் சுற்று முடிவதற்குள், ஏதாவது ஒரு கட்டத்தில், ஏதாவது ஒரு புள்ளி தொடங்கிய இடத்திலேயே நிற்கிறதா? எந்தக் கட்டத்திலும் நிற்கவில்லை என்றால் அதைக் கட்டற்ற செயல்பாடு என்போம். கட்டற்றதாக இருந்தால் வேலை சுலபம். நிற்கிற புள்ளிகள் இருந்தால் எல்லாமே சிக்கல்.

எழுதியதைப் படித்தேன். பூமி என்றே சொல்லியிருக்கலாம்.

பிப்ரவரி 16, வெள்ளி

இன்று கேள்விகளைப் பங்கு வைத்தாள். எங்கள் பல்கலைக்கழகத்தில் வைவாவுக்கு யார் வேண்டுமானாலும் வரலாம், கேள்வி கேட்கலாம். அவையிலிருந்து யார் என்ன கேட்டார்கள் என்று அறிக்கையில் எழுதவும் வேண்டும். யாரும் கேட்காவிட்டால் அசிங்கம். தெரியாததைக் கேட்டுவிட்டால் ஆபத்து. ஆகவே வைவா கொடுப்பவரே கேள்விகளைச் சீட்டில் எழுதி, வேண்டியவர்களிடம் முன்கூட்டியே கொடுத்துவிடுவார். நான் பார்த்த ஐந்து வைவாக்களிலும் இப்படித்தான். தேர்வாளர்களுக்கும் தெரியும். அவர்களும் ஒரு காலத்தில் சீட்டு கொடுத்தவர்கள்தானே.

முதல் கேள்வி இயற்பியல் துறை மாடசாமி அண்ணனுக்கு: "இந்த ஆய்வால் சமுதாயத்துக்கு என்ன பயன்?" இது எல்லா வைவாவிலும் வரும். இரண்டாவது புள்ளியியல் துறையில் ஒருவருக்கு. மூன்றாவது எனக்கு.

"எனக்கு வேண்டாம்க்கா. எந்திச்சு நின்னா எனக்குப் பேச்சு வராது."

"பேச எங்க சொன்னேன்? வாசிச்சிட்டு உக்காரு மக்ளே. ரெண்டே வரி."

சீட்டில் இருந்தது: "உங்கள் தேற்றத்தில் வெளி மூடியதாக இருக்க வேண்டும் என்ற நிபந்தனை அவசியமா?" நல்ல கேள்வி. அவளிடம் பதிலும் இருக்கிறது.

சாயங்காலம் கேன்டீனில் டீ குடிக்கும்போது சொன்னாள். "நீ ஒன் மூணாவது அதிகாரத்துல வரிசை பகா எண்ணா இருக்கிறத மட்டும் எழுதிக்கோயேன். ரெண்டு, மூணு, அஞ்சு, ஏழு. எதுக்கு எல்லா எண்ணையும் இழுத்துக்கிட்டு?" என் மேல் அவளுக்கு எவ்வளவு அக்கறை. ஆனால் நான் எடுத்துப் பயன்படுத்துகிற அவளுடைய லெம்மாவே, அந்தத் துணைத் தேற்றமே, எல்லா எண்ணுக்கும் இருக்கும்போது நான் ஏன் குறைக்க வேண்டும் என்று விளங்கவில்லை.

பிப்ரவரி 18, ஞாயிறு

விடுதியில் ஒரு நாள் விட்டு ஒரு நாள்தான் குழாயில் தண்ணீர். இன்று தண்ணீர் உள்ள நாள். போர்வையைத் துவைத்துக்கொண்டிருந்தேன். விடுதிக் குழம்பு மூன்று நாளுக்கு ஒரு சுற்று: சாம்பார், புளிக்குழம்பு, தேங்காய்க் குழம்பு. தண்ணீர் இரண்டு நாள் சுற்று. இரண்டும் சேர்ந்து பழையபடி அமைய ஆறு நாள் ஆகும். ஒவ்வொரு நாள் விடியும்போதும் எல்லாருக்கும் ஏதோ ஒன்று மாறியிருக்கும்.

பக்கத்தில் துவைத்த பெண் விடுதியில் சாப்பிடுவதில்லை. வெளியே மெஸ்ஸில் சாப்பிடுகிறாள். அவளுக்குக் குழம்பு கணக்கே இல்லை, தண்ணீர் மட்டும்தான். ஒரு நாள் தள்ளினால் அவளுக்கு மாறுகிறது. இரண்டு நாள் தள்ளினால் அவளுக்கு எதுவுமே மாறவில்லை.

போர்வையை நனைந்தபடியே வாளியில் போட்டுவிட்டு அறைக்குப் போனேன்.

அக்காவின் லெம்மா 4.3 சொல்வது இது: முதல் அசைவு ஒரு புள்ளியைக்கூட நிற்கவிடவில்லை என்றால், செயல்பாடு கட்டற்றது. நிரூபணம் நாலு வரி. மற்ற அசைவுகள் எல்லாம் முதல் அசைவைத் திரும்பச் செய்வதுதானே, ஆகவே முதலாவதைச் சோதித்தால் போதும் என்று போகிறது.

ஆனால் முப்பரிமாணக் கோளத்தில் ஒவ்வொரு புள்ளிக்கும் இரண்டு பகுதி உண்டு. ஒரு பகுதியை மூன்றில் ஒரு சுற்றும், இன்னொன்றை அரைச் சுற்றும் திருப்பினால், அது வரிசை ஆறு உள்ள அசைவு. முதல் அடியில் எல்லாப் புள்ளியும் நகர்கிறது. இரண்டாவது அடியில், இரண்டாம் பகுதி மட்டும் உள்ள புள்ளிகள் பழைய இடத்தில் நிற்கின்றன. மூன்றாவது அடியில், முதல் பகுதி மட்டும் உள்ளவை நிற்கின்றன. நிற்கிற புள்ளிகள் இரண்டு வட்டங்கள். அவை சங்கிலிக் கண்ணிகள் போல ஒன்றோடொன்று கோத்திருக்கின்றன.

வரிசை பகா எண்ணாக இருந்தால் இந்தச் சிக்கலே வராது. ஆறுக்கு வருகிறது.

எங்கோ நான் தப்பு செய்திருக்கிறேன்.

பிப்ரவரி 19, திங்கள்

தப்பைத் தேடினேன். கிடைக்கவில்லை. போர்வை நாறிவிட்டது.

பிப்ரவரி 20, செவ்வாய்

லெம்மா 4.3 இல்லாமல் அக்காவின் முதன்மைத் தேற்றம் நிற்காது. அது இல்லாமல் என் மூன்றாவது அதிகாரமும் நிற்காது. ஆனால் அக்காவின் தீசிஸை இரண்டு தேர்வாளர்கள் படித்து நன்று என்று எழுதி அனுப்பிவிட்டார்கள். நான் பன்னிரண்டாம் வகுப்பு வரை தமிழ் வழி. எங்கள் வீட்டில் கல்லூரி வாசலை மிதித்ததே நான்தான் முதலில். அவர்களுக்குத் தெரியாதது எனக்கு எப்படித் தெரியும்?

சாரின் அறைக்குப் போனேன். பேனர் வைப்பவரோடு போனில் பேசிக்கொண்டிருந்தார். முடியும்வரை நின்றேன்.

"என்னம்மா?"

"சார், நாலு புள்ளி மூணுல, வரிசை ஆறா இருந்தா..."

"யாரு, ஹெப்சிபாவோடதா? அதெல்லாம் வெளிநாட்டு ஆளே பாத்து ஓகே பண்ணியாச்சும்மா. நீ போயி புரொஜெக்டர் வேலை செய்யுதான்னு பாரு. போன தடவை மானத்த வாங்கிட்டு."

புரொஜெக்டர் வேலை செய்கிறது.

பிப்ரவரி 22, வியாழன்

அக்காவிடமே சொல்லிவிடலாம் என்று போனேன். என்ன புடவை கட்டுவது என்று கேட்டாள். மயில் நீலம் என்றேன். மதியத்துக்கு முப்பது பேருக்குச் சாப்பாடு சொன்னால் போதுமா என்று கேட்டாள். போதும் என்றேன். அப்புறம்தான், "அக்கா, என் அதிகாரத்துக்காக 4.3ஐ ஒரு தடவை பாத்தேன்" என்று ஆரம்பித்தேன்.

"அத ஏன்ட்டி தொறந்த?"

அவள் குரல் அப்படி ஏறி நான் கேட்டதில்லை. உடனே சிரித்தாள். "வைவா முடியட்டும் மக்ளே. அதுக்குப் பொறவு நாம ரெண்டு பேரும் உக்காந்து எல்லாத்தையும் பாப்போம். இப்ப எனக்கு மண்டைக்குள்ள எதுவும் ஏறாது."

வைவா நேரத்தில் யாருக்கும் பதற்றம் இருக்கத்தான் செய்யும். நான்தான் நேரம் தெரியாமல் பேசிவிட்டேன்.

பிப்ரவரி 23, வெள்ளி

இன்றைக்குக் குழம்பு என்னவென்றுகூடக் கவனிக்கவில்லை.

பிப்ரவரி 25, ஞாயிறு

அம்மாவிடம் சுற்றி வளைத்துச் சொன்னேன். ஒருத்தர் கணக்கில் தப்பு இருக்கிறது, யாருக்கும் தெரியாது, சொன்னால் அவர் வேலை போய்விடும் என்று.

"அந்தக் கணக்கு தப்பா இருந்தா யாருக்காவது வயித்தால போவுமா?"

"போவாது."

"கட்டடம் கிட்டடம் விழுமா?"

"விழாதும்மா."

"அப்ப எதுக்கு அந்தப் பிள்ளை பொழப்புல மண்ணப் போடணும்?" கொஞ்சம் கழித்து அவளே கேட்டாள். "ஆனா தப்பு தப்புதான, இல்லையா?"

அவளுக்கும் தெரியவில்லை.

மார்ச் 1, வெள்ளி

ஒத்திகை. மொத்தம் முப்பத்தொரு ஸ்லைடு. பதினேழாவதில்தான் 4.3. மற்ற ஸ்லைடுகளுக்கு ஒரு நிமிடம், ஒன்றரை நிமிடம் எடுத்துக்கொண்டவள் அதை நாலு வினாடியில் தள்ளினாள். நான் கைக்கடிகாரத்தை வைத்து நேரம் குறித்துக்கொண்டிருந்தேன், அதனால்தான் தெரிந்தது. நேரம் மிச்சப்படுத்துகிறாள் என்று குறித்துக்கொண்டேன்.

என் முறை வந்தபோது எழுந்து சீட்டை வாசித்தேன். மூன்று இடத்தில் திக்கியது.

"சூப்பர். இதே மாதிரி வாசிச்சிட்டு டபக்குன்னு உக்காந்துரு" என்றாள்.

மார்ச் 4, திங்கள்

சீட்டின் பின்பக்கத்தில் இன்னொரு கேள்வியைப் பென்சிலால் எழுதிப் பார்த்தேன். எழுதினால் எப்படி இருக்கிறது என்று பார்க்கத்தான். அழித்துவிடலாம்.

குளியலறையில் நின்று இரண்டையும் சத்தமாக வாசித்துப் பழகினேன். பின்பக்கத்தில் இருப்பது திக்கவில்லை.

மார்ச் 6, புதன்

அக்காவின் வீட்டுக்காரர் ஜெபராஜ் அண்ணன், மாமியார், ஷைனி எல்லாரும் வேன் பிடித்து வந்துவிட்டார்கள். லட்டு, சால்வை, மாலை எல்லாம் கொண்டுவந்திருக்கிறார்கள். ஷைனி அக்காவின் இடுப்பை விட்டு இறங்கவில்லை. மாமியார் என் கையைப் பிடித்துக்கொண்டார். "நீதானா முப்பி? ஒன்னயப் பத்திச் சொல்லாம இவ ஒரு வாய் சோறு திங்க மாட்டா. இனி எம் பேத்தி தாய் கூட இருப்பா. நாலு வருசம்மா." நான் தலையாட்டினேன்.

"சீட்டு பத்திரமா இருக்கா?" என்று அக்கா கேட்டாள்.

இருக்கிறது என்றேன். பின்பக்கம் அழிக்கவில்லை என்பதைச் சொல்லவில்லை.

மார்ச் 7, வியாழன்

நடந்த வரிசையிலேயே எழுதுகிறேன். எழுதினாலாவது புரிகிறதா பார்க்கலாம்.

வெளித் தேர்வாளர் ஹைதராபாத்திலிருந்து வந்த பேராசிரியர் வசுந்தரா. கிராப் வெட்டிய நரைமுடி. எதற்கும் சிரிக்கவில்லை, எதற்கும் முறைக்கவும் இல்லை. அக்கா மயில் நீலப் புடவையில் நன்றாகப் பேசினாள். பதினேழாவது ஸ்லைடு வந்தது, போனது. தேர்வாளர் கேட்ட ஐந்து கேள்விக்கும் பதில் சொன்னாள். ஒன்றுகூட நாலாவது அதிகாரத்தில் இல்லை.

அப்புறம் அவையின் கேள்விகள். மாடசாமி அண்ணன் எழுந்து, சீட்டைப் பார்க்காதது போலப் பார்த்து, சமுதாயத்துக்கு என்ன பயன் என்றார். எல்லாரும் சிரித்தார்கள். அக்காவும் சிரித்துக்கொண்டே பதில் சொன்னாள். இரண்டாவது கேள்வியும் முடிந்தது. சார் என்னைப் பார்த்தார்.

எழுந்தேன். வெளி மூடியதாக இருக்க வேண்டுமா என்று வாசித்தேன். அக்கா அழகாகப் பதில் சொன்னாள். தேர்வாளர் தலையசைத்தார். நான் உட்கார்ந்திருக்க வேண்டும்.

சார் உட்காரும்படி கை காட்டினார்.

"இன்னொண்ணு" என்றேன். எப்படி வந்தது என்று தெரியவில்லை. ஆங்கிலம் வரவில்லை, தமிழில்தான் கேட்டேன். "லெம்மா 4.3ல முதல் அசைவ மட்டும்தான் சோதிச்சிருக்கு. வரிசை ஆறா இருந்தா, ரெண்டாவது அடியிலயும் மூணாவது அடியிலயும் புள்ளிகள் நிக்கும்லா?"

தேர்வாளருக்குத் தமிழ் தெரியாது. என்ன கேட்கிறாள் என்று சாரிடம் கேட்டார். சார் தண்ணீர் பாட்டிலைத் திறந்தார், மூடினார். ஒன்றுமில்லை, சின்ன சந்தேகம், அப்புறம் பேசிக்கொள்ளலாம் என்று ஆங்கிலத்தில் சொன்னார். அதோடு முடிந்திருக்கும். நானும் உட்கார்ந்துவிட்டேன்.

அக்கா முன்வரிசையைப் பார்த்தாள். அங்கே மாமியார் மடியில் ஷைனி தூங்கிக்கொண்டிருந்தாள். பிறகு தேர்வாளரிடம் திரும்பி, என் கேள்வியை ஆங்கிலத்தில் சொன்னாள். நான் கேட்டதைவிடத் தெளிவாக, எந்த வரியில் நிரூபணம் உடைகிறது என்பதையும் சேர்த்துச் சொன்னாள். சொல்லிவிட்டு, "அவள் கேட்பது சரி. லெம்மா ஆறுக்குப் பொய்" என்றாள்.

கரும்பலகையில் போய்க் கோத்த இரண்டு வட்டங்களை வரைந்தாள். எந்தக் கோடு எதன் மேலே போகிறது, எங்கே விட்டுவிட்டு வரைய வேண்டும் என்று ஒரு தடவைகூடக் கை தயங்கவில்லை. எனக்கு அந்தப் படம் சரியாக வர நாலு தாள் ஆனது.

இது எப்போது தெரியும் என்று தேர்வாளர் கேட்டார்.

"செப்டம்பரில். தீசிஸைக் கொடுத்துப் பதினோரு நாள் கழித்து."

தேர்வாளர் ரொம்ப நேரம் எழுதினார். கடைசியில் சொன்னார்: தேற்றம் பகா எண் வரிசைக்குச் சரியாக இருக்கிறது, அதுவே பட்டத்துக்குப் போதும். ஆனால் எழுதியிருப்பது வேறு. மூன்று மாதத்துக்குள் திருத்திக் கொடுக்க வேண்டும். திருத்தியதைத் தான் பார்த்த பிறகே பரிந்துரை. இன்று இல்லை.

மாமியார் சால்வையோடு எழுந்து வந்தார். "முடிஞ்சுதா மக்ளே? பாஸா?"

"இல்ல அத்தே. இன்னும் கொஞ்சம் இருக்கு."

அவர் அப்படியும் சால்வையைப் போர்த்தினார். வாங்கிவிட்டதால் லட்டும் கொடுத்தார்கள். எல்லாரும் மெதுவாகத் தின்றார்கள். நான் வாங்கி வைத்துக்கொண்டேன்.

வராந்தாவில் சார் என்னை நிறுத்தினார். "ஏம்மா, எங்கிட்ட முன்னாலயே ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்லா?"

சொன்னேன் சார், இருபதாம் தேதி, செவ்வாய்க்கிழமை. இதை அவரிடம் சொல்லவில்லை. இங்கே எழுதுகிறேன்.

மார்ச் 8, வெள்ளி

நான் செய்தது சரியா என்று தெரியவில்லை. சரி என்றால் ஏன் அவளிடம் தனியாக இன்னொரு முறை சொல்லவில்லை? தப்பு என்றால் ஏன் நேற்று நன்றாகத் தூங்கினேன்?

மார்ச் 11, திங்கள்

அக்கா வரவில்லை. அவள் மேசையைத் துடைத்து வைத்தேன்.

மார்ச் 15, வெள்ளி

மார்த்தாண்டம் கல்லூரியில் பட்டியலில் அடுத்த பெயரைக் கூப்பிட்டுவிட்டார்களாம். மாடசாமி அண்ணன் சொன்னார். என்னைப் பார்க்காமல் சொன்னார்.

மார்ச் 18, திங்கள்

அக்கா வந்தாள். பையை வைத்தாள், மின்விசிறியைப் போட்டாள். நான் எழுந்து நின்றேன்.

"என்னத்துக்கு நிக்க? நான் என்ன வைஸ் சான்சலரா?"

உட்கார்ந்தேன். ஒரு மணி நேரம் இருவரும் அவரவர் காகிதத்தைப் பார்த்துக்கொண்டிருந்தோம். நான் எதையும் படிக்கவில்லை. அவளும் பக்கம் திருப்பவில்லை.

"ஷைனி எப்படிக்கா இருக்கா?"

"இருக்கா. காலைல பஸ் ஸ்டாண்டுல ஒரே அழுகை." பேனா மூடியைத் திறந்து மூடினாள். "நான் ஒம்மேல கோவமாத்தான் இருக்கேன். இல்லன்னு நெனச்சிராத."

"சரிக்கா."

"ஒனக்கு என்னத்துக்கு அந்தச் சீட்டக் குடுத்தேன் தெரியுமா?"

பத்து நாளாக எனக்குள் ஒரு பதில் இருந்தது. அவளால் சொல்ல முடியாததை நான் சொல்ல வேண்டும் என்றுதான் கொடுத்தாள் என்று. அதை நம்பித்தான் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன்.

"தெரியாதுக்கா" என்றேன்.

"இந்தத் துறையிலயே 4.3 வரைக்கும் போவக்கூடியவ நீ ஒருத்திதான். ஒன் கையில ஒரு கேள்வியக் குடுத்து உக்கார வச்சிட்டா, வேற எதுவும் கேக்க மாட்டேன்னு நெனச்சேன். நீ வாயே தொறக்க மாட்டல்லா." சிரிக்கப் பார்த்தாள், வரவில்லை. "செப்டம்பர்லேருந்து ஒவ்வொரு நாளும் சார்ட்ட சொல்லிருவோம்னு நெனப்பேன். சனிக்கிழமை ஊருக்குப் போவேன். பிள்ளை மொகத்தப் பாத்தா வாய் ஒட்டிக்கும்."

"அப்ப அன்னைக்கு ஏன் நீங்களே..."

"தெரியல. சார் ஒண்ணுமில்லன்னு சொன்னாரு பாரு, அதக் கேக்க முடியல. அது ஒண்ணுமில்லாத கேள்வியா?"

எனக்கு அழுகை வந்தது. அவள் பார்க்காதது போல நாலாவது அதிகாரத்தை எடுத்து மேசை நடுவில் வைத்தாள். நாற்காலியை என் பக்கம் இழுத்துப் போட்டாள்.

"மூணு மாசம்தான் இருக்கு. நான் வாசிக்கேன். சந்தேகம் வந்தா அந்த எடத்துலயே நிறுத்து. எனக்காவப் பாக்காத."

முதல் வரியை வாசித்தாள். சரியாக இருந்தது. இரண்டாவது வரியைப் பாதி வாசித்தபோது நான் நிறுத்தினேன்.